வசியமும் சம்மதமும்

பேய், ரத்தக் காட்டேரி, சூனியக்காரி என்றாலே "அதெல்லாம் மூடநம்பிக்கை, நமக்கெதுக்கு" என்று தள்ளிவிடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. பகுத்தறிவு மேடைகளுக்குக் கீழே உட்கார்ந்து வளர்ந்த பழக்கம். தப்பில்லை. ஆனால் பேய்க்கதையில் பேய் சும்மா ஒரு சாக்கு. யார் யாரை ஆட்டிவைக்கிறார்கள், ஆட்டிவைக்கப்பட்டவள் பேச்சு சபையில் எடுபடுமா, ஆட்டிவைத்தவனுக்கு ஏதாவது ஆகுமா, இதுதான் கதை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் முப்பது ஆண்டுகளுக்குள் வந்த அமானுஷ்யத் தொடர்கள் சிலவற்றைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது இது: ஒரு பெண்ணின் 'சரி' எப்போது அவளுடைய 'சரி' என்கிற கேள்வியில் நம்ம ஊர்ப் பஞ்சாயத்தும் உச்சநீதிமன்றமும் மண்டையை உடைத்துக்கொண்டன. அதே கேள்வியைத்தான் இந்தத் தொடர்கள் வசியம் என்கிற உருவத்தில் வைத்துப் பேசுகின்றன. பெரும்பாலும் கோணலாகப் பேசுகின்றன. ஒன்றிரண்டு நேராகவும் பேசியிருக்கின்றன.

கோணலிலிருந்தே தொடங்கலாம். 'தி வாம்பயர் டைரீஸ்' என்றொரு தொடர். 2009 முதல் 2017 வரை எட்டுப் பருவங்கள் ஓடியது. அதில் வருகிற ரத்தக் காட்டேரிகள் கண்ணைப் பார்த்து ஒன்று சொன்னால் போதும், எதிரில் நிற்பவர் செய்வார். மறக்கச் சொன்னால் மறந்தும் போவார். முதல் பருவத்தில் டேமன் என்பவன் கரோலின் என்ற பள்ளிக்கூடத்துப் பெண்ணிடம் இந்த வித்தையைக் காட்டுகிறான். முதல் நாள் அவளாகத்தான் அவனோடு போகிறாள். அவன் கடித்து ரத்தம் குடித்த பிறகு நடப்பதெல்லாம் அவன் கட்டளை. அவள் கடித் தழும்பை ஸ்கார்ஃப் சுற்றி மறைத்துக்கொண்டு ஊருக்குள் சிரித்தபடி திரிகிறாள். இதையெல்லாம் தொடர் பாதி விளையாட்டாகத்தான் காட்டியது. இரண்டாம் பருவத்தில் அவளும் காட்டேரியாகும்போது அழிக்கப்பட்ட ஞாபகமெல்லாம் திரும்புகிறது. நீ என்னை என்னென்ன செய்தாய் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்கிறாள். ஒரே ஒரு காட்சி. அதற்கப்புறம் கதை நகர்ந்துவிடுகிறது. கடைசியில் நாயகியோடு சேர்ந்து வாழ்கிறவன் அதே டேமன்தான்.

ஞாபகத்தை அழிப்பது என்றால் சாட்சியை அழிப்பது. இவ்வளவு சுலபமான வழி நம்ம பக்கத்து மிராசுதார்களுக்கு வாய்த்ததில்லை. அவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது, ஊருக்கும் தெரிந்திருந்தது. இருந்து என்ன?

அந்தத் தொடரின் நாலாம் பருவத்தில் இன்னொரு தந்திரம் வருகிறது. நாயகி டேமனின் ரத்தத்தால் காட்டேரியாகி, அவன் சொல்லுக்குக் கட்டுப்பட்டவளாகிறாள். அவனோடு படுத்த பிறகுதான் இந்தக் கட்டு இருப்பதே தெரியவருகிறது. சரி, அப்படியானால் அது அவள் விருப்பமா, கட்டின் வேலையா? மனுசியாக இருந்தபோதே அவன்மேல் ஆசை இருந்தால்தான் கட்டு பிடிக்கும் என்று ஒரு விதியைச் சொருகுகிறார்கள். உள்ளுக்குள்ள ஆசை இருந்துச்சு, அதான் மடங்கினா. இந்தப் பேச்சை எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை?

'பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்' (1997 – 2003) இதைவிட யோசித்த தொடர். ஆனால் அதுவும் இந்த இடத்துக்கு வந்து சேர நாலு வருசம் எடுத்தது. 1998இல் வந்த ஒரு பகுதியில், தன்னை விட்டுப் போன பெண்ணை மயக்க ஒரு பையன் சூனியம் வைக்கச் சொல்கிறான். மந்திரம் தப்பிப்போய் அந்த ஒருத்தியைத் தவிர ஊர்ப் பெண்களெல்லாம் அவன் பின்னால் ஓடிவருகிறார்கள். ஒரே சிரிப்பு. மயக்கத்தில் வந்தவளை அவன் தொடவில்லை என்று கடைசியில் நற்சான்றிதழ் வேறு. 2002இல் அதே தொடரில் வாரன் என்பவன் ஒரு கருவி செய்து, தன்னை விட்டுப் போன கத்ரீனா என்ற பெண்ணின் புத்தியை மழுங்கடிக்கிறான். பணிப்பெண் உடையை மாட்டி, தன்னை எசமான் என்று கூப்பிட வைக்கிறான். கூட இரண்டு கூட்டாளிகள். அவர்களுக்கு இது ஏதோ விளையாட்டுச் சாமான் கிடைத்த குஷி. வேகம் இறங்கி அவளுக்குத் தன் நினைவு திரும்புகிறது. திரும்பியதும் அவள் செய்கிற முதல் காரியம், நடந்ததற்குப் பெயர் சொல்வது. இது வல்லுறவு என்கிறாள். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் கூட்டாளிகளுக்கே அது உறைக்கிறது. வெளியே போய்ச் சொல்வேன் என்றவளை வாரன் அடித்துக் கொன்றுவிடுகிறான்.

பெயர் சொன்னதற்காகச் செத்தாள். (நம்ம பத்திரிகைகள் ரொம்ப காலம் இதற்கு வைத்திருந்த பெயர் 'கற்பழிப்பு'. அந்தச் சொல்லுக்குள் பெண்ணின் விருப்பம் எங்கேயும் இல்லை. புருசனுக்கோ அப்பனுக்கோ சொந்தமான ஒரு பொருள் கெட்டுப்போன செய்திதான் இருக்கிறது. சேரிப் பெண்ணுக்குக் கற்பு உண்டென்றே ஊர் ஒப்புக்கொள்ளாத நிலையில், அவளுக்கு அந்தச் செய்தியும் கிடையாது.)

நேராகப் பேசியது 'ஜெசிகா ஜோன்ஸ்'. 2015 நவம்பரில் நெட்பிளிக்சில் முதல் பருவம் வந்தது, பதின்மூன்று பகுதிகள். கில்கிரேவ் என்பவன் வாயால் சொன்னால் கேட்பவர் செய்தே தீரவேண்டும். குதி என்றால் குதிப்பார், சிரி என்றால் சிரிப்பார். ஒரு சொல்லின் வேகம் பன்னிரண்டு மணி நேரம். ஜெசிகாவை இப்படித் தன்னோடு வைத்திருந்தவன் அவன். கதை தொடங்கும்போது அவள் தப்பித்து வந்து, குடித்துக்கொண்டு, உறக்கம் இல்லாமல் துப்பறிவாளராகப் பிழைப்பு நடத்துகிறாள்.

இந்தத் தொடர் செய்த நல்ல காரியம், கில்கிரேவிடம் மாட்டிய யாரையும் உள்ளே வெறுமையானவர்களாகக் காட்டாதது. எல்லோரும் உள்ளே விழித்திருந்தார்கள். ஹோப் என்ற கல்லூரிப் பெண் தன் கையாலேயே அப்பா அம்மாவைச் சுடுகிறாள். சுடுவது அவளுக்குத் தெரியும், நிறுத்த முடியவில்லை. சிறைக்குப் போன பிறகு அவள் சொல்வதை நம்ப ஆளில்லை. அவனுக்குக் கார் ஓட்டப் போனதில் தன் பிள்ளையைச் சாலையோரம் விட்டுவிட்டுப் போன ஒருவர் வருகிறார். இப்படிப்பட்டவர்கள் ஒரு அறையில் வட்டமாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். வெளியே எவனும் நம்பாததை, அனுபவித்தவர்கள் கூடிச் சொல்லி ஒப்பிட்டு உண்மையாக்குகிறார்கள். நம்முடைய இந்தப் பக்கங்களில் வருகிற வாழ்க்கைச் சாட்சியங்களுக்கும் அந்த அறைக்கும் எனக்கு அதிக வித்தியாசம் தெரியவில்லை.

ஜெசிகா அவன் முகத்துக்கு நேரே நீ செய்தது வல்லுறவு என்கிறாள். அவனுக்கு உண்மையாகவே புரியவில்லை. ஐந்து நட்சத்திர ஓட்டலில் தங்க வைத்தேனே, நல்ல சாப்பாடு வாங்கிக் கொடுத்தேனே, அதில் எது வல்லுறவு என்று கேட்கிறான். எதிரில் இருப்பவர்கள் தாங்களாகச் செய்கிறார்களா, நான் சொல்லிச் செய்கிறார்களா என்பது தனக்குத் தெரிய வழியே இல்லை என்று புலம்பவும் செய்கிறான். அந்தப் புலம்பல் பொய்யில்லை என்றுதான் நினைக்கிறேன். 'மாட்டேன்' என்ற சொல்லைத் தன் வாழ்நாளில் கேட்டிராத ஒருவனுக்கு 'சரி' என்ற சொல்லும் விளங்காது. காலாட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து, எங்க பண்ணையாளுங்க எங்ககிட்ட எவ்வளவு பாசமா இருந்தாங்க தெரியுமா என்று இன்றைக்கும் கதை சொல்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் மனசறிந்து பொய் சொல்வதில்லை.

பத்தாவது பகுதியில் ஒரு கணக்கு வருகிறது. ஒரு நாள் மொட்டை மாடியில் என் கட்டளையின் வேகம் முடிந்த பிறகும் நீ பதினெட்டு நொடி என் பக்கத்திலேயே நின்றாய், ஓடவில்லை, ஆகவே நீயாகத்தான் இருந்தாய் என்கிறான் கில்கிரேவ். அவள் ஞாபகத்தில் அந்தப் பதினெட்டு நொடி வேறு. எப்படிக் குதித்துத் தப்பிக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்த பதினெட்டு நொடி அது. அதற்குள் அவன் மறுபடியும் கட்டளையிட்டு இழுத்துவிட்டான். என் பேச்சைக் கேட்காத காது உனக்கு எதற்கு, அறுத்துக்கொள் என்றான். காதின் பின்னால் வடு இருக்கிறது. அந்த வடுவைத்தான் அவள் பதிலாகக் காட்டுகிறாள்.

நீ எத்தனை நொடி சும்மா நின்றாய் என்கிற இந்தக் கணக்கை இந்திய நீதிமன்றமும் போட்டிருக்கிறது. 1972 மார்ச்சில் மராட்டியத்தில் ஒரு காவல்நிலையத்துக்குள் ஒரு ஆதிவாசிப் பெண்ணைப் போலீஸ்காரர் ஒருவர் வல்லுறவு செய்த வழக்கு, மதுரா வழக்கு என்று பெயர் பெற்றது. அடங்கிப்போவது வேறு, சம்மதிப்பது வேறு என்று பம்பாய் உயர்நீதிமன்றம் சரியாகப் பிரித்துச் சொல்லித் தண்டித்தது. 1978இல் உச்சநீதிமன்றம் அதைத் தூக்கிப் போட்டது. அவள் உடம்பில் காயம் இல்லை, கூச்சல் போட்டதாகச் சொல்வதை நம்ப முடியாது, ஆகவே சம்மதம். ராத்திரி நேரம், சாத்திய காவல்நிலையம், வெளியே காத்திருக்கும் சொந்தக்காரர்கள், உள்ளே காக்கிச் சட்டை. இதில் கூச்சல் போட்டால் வந்து கேட்கவேண்டிய போலீஸ் யார்? நான்கு சட்டப் பேராசிரியர்கள் 1979இல் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள், பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடந்த வல்லுறவில், சம்மதிக்கவில்லை என்று அந்தப் பெண் சொன்னால் நீதிமன்றம் அதையே முதலில் எடுத்துக்கொள்ளவேண்டும் என்றானது.

அதற்குப் பிறகு வந்த 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. ஒரு தாழ்த்தப்பட்ட அல்லது பழங்குடிப் பெண்ணின் விருப்பத்தை அடக்கி ஆளக்கூடிய நிலையில் இருப்பவன், இல்லாவிட்டால் அவள் இசைந்திருக்கவே மாட்டாத காரியத்துக்கு அந்த நிலையைப் பயன்படுத்தி அவளைப் பாலியல் ரீதியாகச் சுரண்டினால் குற்றம் என்றது அது. இந்தியச் சட்டப் புத்தகத்தில் வசியத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் பார்க்கவில்லை. எழுதியவர்களுக்குக் கில்கிரேவைத் தெரியாது. ஆண்டைகளைத் தெரிந்திருந்தது.

அதில் கவனிக்க வேண்டியது ஒரு சொல். விருப்பம் அழிந்துபோனதாகச் சட்டம் சொல்லவில்லை, அடக்கப்பட்டதாகச் சொன்னது. மலிவான வசியக் கதைகளில் பெண் மனசு அணைந்த விளக்கு. ஆனவன் ஊதி அணைக்கிறான், மறுபடி ஏற்றுகிறான். நடுவில் அவள் அங்கே இல்லை. அவள் அங்கேயே இல்லையென்றால் அவளிடம் கேட்க ஒன்றுமில்லை, அவள் சாட்சியும் செல்லாது. மதுரா வழக்கு மாதிரித் தீர்ப்புகளோ மறுபுறம் போயின: நீ அங்கே இருந்தாய், விழித்திருந்தாய், ஆகவே சம்மதித்தாய். ரெண்டு கதையிலும் அவள்தான் தோற்கிறாள். உண்மை இது ரெண்டிலும் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் பண்ணையில் நடவு நட்டே கிழடாகிப் போன என் அப்பாயி ஒருமுறை சொன்னாள்: "மாட்டேங்குற வார்த்த எங்களுக்கும் தெரியும்டி. நெஞ்சுக்குள்ளாறயே நிக்கும், நாக்குக்கு வராது. வந்துட்டா மறுநா கஞ்சி கெடையாதே. கஞ்சி கெடக்குது, குடிச இருக்காதே." வார்த்தை இருந்தது. வெளியே வந்தால் என்ன விலை என்பதும் தெரிந்திருந்தது. கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்கே கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள் என்பதை இதோடு சேர்த்துப் படிக்கவேண்டும்.

நாக்குக்கு வராத வார்த்தை சில சமயம் வேறு குரலில் வந்துவிடும். பாமா 'சங்கதி'யில் (1994) கேட்கிற ஒரு கேள்வி: பேய் ஏன் நம்ம பெண்களையே தேடிப் பிடிக்கிறது, மேல்சாதிப் பெண்களை ஏன் விட்டுவிடுகிறது? காட்டிலும் வீட்டிலும் ஓயாத பாடு, ராத்திரியும் நிம்மதியில்லை, சொல்லி அழவும் இடமில்லை என்பதில் அவர் பதில் தேடுகிறார். பேய் பிடித்தவளை மட்டும் ஊர் உட்கார்ந்து கேட்கிறது. யார் நீ, என்ன வேணும், ஏன் வந்தே? பேய் பிடிக்காத நாளில் இந்த மூணு கேள்வியை அவளிடம் யாராவது கேட்டதுண்டா? அதே நூலில் பம்புசெட்டில் பண்ணைக்காரன் கையைப் பிடித்து இழுக்க, உதறித் தப்பி ஓடிவந்த பெண்ணின் கதையும் இருக்கிறது. முந்திக்கொண்டு பஞ்சாயத்தில் பிராது கொடுத்தவன் அவன், அபராதம் கட்டியது அவள். அவளுக்கு விருப்பம் இருந்தது, உதறவும் செய்தாள், நாக்குக்கும் வந்தது. சபைதான் கேட்கவில்லை.

கையெழுத்துப் போட்டுச் சம்மதித்தவர்களின் கதை 'டால்ஹவுஸ்' (2009 – 2010). பேய்த் தொடர் இல்லை, விஞ்ஞானக் கற்பனை. மனசைத் துடைத்துவிட்டு, பணக்காரர்கள் கேட்கிற மாதிரி ஒரு மனசை எழுதி, ஆட்களை வாடகைக்கு விடுகிற ஒரு கம்பெனி. எல்லோரும் ஐந்து வருச ஒப்பந்தத்தில் தாங்களாகக் கையெழுத்துப் போட்டவர்கள் என்கிறது நிர்வாகம். எந்த நிலைமையில் போட்டார்கள் என்று பார்த்தால், ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு மூலையில் மாட்டி வேறு வழி இல்லாதவர்கள். பிரியா என்ற ஓவியப் பெண்ணின் கதை இன்னும் மோசம். தனக்கு இணங்காதவளை ஒரு பணக்காரன் மருந்து கொடுத்துப் பைத்தியமாக்கி, கம்பெனிக்குள் தள்ளி, பிறகு அவனே வாடகைக்கு எடுக்கிறான். ஒவ்வொரு முறையும் அவனைக் காதலிப்பவளாகவே அவளை எழுதி அனுப்புகிறார்கள். முன்பணம், கைநாட்டு, தலைமுறை தலைமுறையாக வேலை. இதைக் கொத்தடிமை என்று சொல்லிச் சட்டம் ஒழித்தது 1976இல். கைநாட்டு வைத்தது நிஜம்தானே என்று வாதாடியவர்கள் அப்போதும் இருந்தார்கள்.

இதுவரைக்கும் ஒத்துக்கொள்கிறவர்கள் பலர் அடுத்த இடத்தில் விலகிப் போவார்கள். வசியம் என்ற சொல்லை நம்ம நாட்டில் அதிகம் பயன்படுத்துகிறவர்கள் பாதிக்கப்பட்ட பெண்கள் அல்ல. தன் சாதிப் பெண் சேரிப் பையனைக் கட்டிக்கொண்டால் உடனே ஊர் என்ன சொல்லும்? மருந்து வெச்சுட்டான், மையத் தடவிட்டான், மயக்கிட்டான். அவளாகப் போயிருப்பாள் என்பதை மட்டும் எவனும் நினைத்துப் பார்க்க மாட்டான். 2012இல் இதற்குப் புதுப்பெயர் வந்தது, 'நாடகக் காதல்'. தலித் இளைஞர்கள் ஜீன்ஸ், டி-சர்ட், கூலிங் கிளாஸ் போட்டு மயக்குகிறார்கள் என்று பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் பேசினார். மை போய் கூலிங் கிளாஸ் வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 7 அன்று, அப்படி ஒரு கல்யாணத்தில் பெண்ணின் தகப்பனார் தற்கொலை செய்துகொண்டதைத் தொடர்ந்து, தருமபுரி நத்தம் காலனியும் பக்கத்துக் காலனிகளும் எரிக்கப்பட்டன. நான் என் விருப்பத்தில்தான் போனேன் என்று அந்தப் பெண் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. கேரளத்தில் மதம் மாறி முஸ்லிம் ஒருவரைக் கட்டிக்கொண்ட ஹோமியோபதி மாணவியின் வழக்கிலும் இதே கதை. உயர்நீதிமன்றம் 2017இல் கல்யாணத்தை ரத்து செய்தது, மூளையில் கருத்தேற்றிவிட்டார்கள் என்று தேசியப் புலனாய்வு முகமை உச்சநீதிமன்றத்தில் வாதாடியது. 2018 மார்ச்சில்தான் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் திரும்பக் கிடைத்தது.

ஆக, பண்ணையாரிடம் அடங்கிப்போனவளுக்குச் சுயபுத்தி இருந்தது என்கிறார்கள். தானாக ஒருத்தனைத் தேர்ந்தெடுத்தவளுக்குச் சுயபுத்தி இல்லை என்கிறார்கள். சாதிக்கு எது தோதோ அந்த இடத்தில் பெண்ணுக்குப் புத்தி முளைக்கிறது, தோதில்லாத இடத்தில் பட்டுப்போகிறது.

அப்படியென்றால் எது வசியம், எது விருப்பம் என்று எப்படித்தான் பிரிப்பது? மனசுக்குள் எட்டிப் பார்க்கிற கண்ணாடி யாரிடமும் இல்லை. ஏழைப் பெண்ணின் எந்தச் சம்மதமும் சம்மதமே இல்லை என்று ஒரேயடியாகச் சொல்லிவிடலாம் என்கிற முற்போக்குக் குரல்களும் கேட்கின்றன. அது எனக்கு ஒப்பவில்லை. அவளுக்கென்று ஆசையே கிடையாது என்று சொல்வதும் அவளை அணைந்த விளக்காக்குகிற வேலைதான். மனசை விட்டுவிட்டு விலையைப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. 'மாட்டேன்' என்று சொல்லியிருந்தால் அவளுக்கு மறுநாள் என்ன ஆகியிருக்கும்? ஆண்டையிடம் சொல்லியிருந்தால் வேலை போகும், குடிசை போகும். காவல்நிலையத்தில் சொல்லியிருந்தால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை. சேரிப் பையனிடம் சொல்லியிருந்தால்? அவன் நாலு நாள் தாடி வளர்த்திருப்பான், அவ்வளவுதான். அவளுக்கு விலை இருந்தது 'சரி' என்று சொன்னதில். தாய் வீடு போகும், ஊர் எரியும், உயிரே போகலாம். அவ்வளவு விலை தெரிந்தும் ஒருத்தி 'சரி' என்று சொன்னாள் என்றால், அதைப் போய் மயக்கம் என்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்.

இதே அளவுகோலை நம்ம தெருவுக்குள்ளும் வைத்துப் பார்க்கத்தான் வேண்டும். சேரிப் பையன் எவனும் எந்தப் பெண்ணையும் மிரட்ட மாட்டான் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். குடித்துவிட்டு வருகிற புருசனிடம் நம்ம பெண்கள் 'மாட்டேன்' என்று சொன்னால் மறுநாள் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை, அப்போதே விலை கட்டுகிறார்கள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும், பதினெட்டு வயது தாண்டிய மனைவியைப் புருசன் பலவந்தப்படுத்துவது வல்லுறவுக் கணக்கில் வராது. இதை எழுதினால், ஆதிக்கசாதிக்காரன் கையில் கம்பை எடுத்துக் கொடுக்கிறாய் என்று நம்ம ஆண்களே கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

வன்கொடுமைச் சட்டத்தில் நான் சொன்ன அந்தப் பிரிவு இப்போது அந்த வாசகத்தில் இல்லை. 2015இல் திருத்தி, 2016 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். புதிய வாசகம், சொல்லாலோ சைகையாலோ ஒருத்தி தெளிவாகத் தன்னிச்சையாக இசைவு தெரிவித்தால்தான் சம்மதம் என்கிறது. உடம்பால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தை வைத்து அவள் சம்மதித்தாள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் சொல்கிறது. மதுரா வழக்கில் கேட்கப்பட்ட காயக் கணக்குக்கும், கில்கிரேவின் நொடிக் கணக்குக்கும் அது நேர் பதில். வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் விருப்பத்தை அடக்கி ஆளும் நிலை என்கிற அந்தச் சொற்றொடரை ஏன் எடுத்தார்கள்? புது வாசகம் அவள் என்ன சொன்னாள், என்ன சைகை காட்டினாள் என்று அவளைப் பார்க்கிறது. பழைய வாசகம் அவன் எங்கே உட்கார்ந்திருந்தான் என்று பார்த்தது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கலாம்.